ஒன்பதாயிரத்துச் சொச்சம் பேர்

என் வேலை எண்ணுவது. எந்தக் கணினியில் எந்த லினக்ஸ் ஓடுகிறது என்று வருடத்துக்கு ஒருமுறை எண்ணி, அட்டவணை போட்டு, கீழே நாலு வார்த்தை விளக்கம் எழுதி அச்சுக்குக் கொடுக்கிற சின்ன ஆய்வு நிறுவனம் ஒன்றில் பன்னிரண்டு வருடமாகக் குப்பை கொட்டுகிறேன். லினக்ஸ் என்பது கணினியை ஓட்டுகிற அடிப்படை மென்பொருள். இலவசம். யார் வேண்டுமானாலும் எடுத்து, தன் ருசிக்கு மாற்றி, புதுப் பெயர் வைத்து ஊருக்குக் கொடுக்கலாம். அப்படி நூற்றுக்கணக்கில் கொடுத்து வைத்திருக்கிறார்கள். அவற்றில் எது பிரபலம் என்பதுதான் என் பிழைப்பு.

அட்டவணையில் இரண்டு பக்கம். ஒன்று வீட்டு மேசைக்கு, மற்றது கம்பெனிகளுக்கு. வீட்டுப் பக்கத்தில் உபுண்டு, மின்ட் மாதிரிப் பெயர்கள் தலை தூக்கி நிற்கும். கம்பெனிப் பக்கத்தில் ரெட் ஹாட் வகையறா. வீட்டில் ஆட்கள் பிடித்ததை வைத்துக்கொள்வார்கள். கம்பெனியில், கெட்டுப்போனால் போன் போட்டுத் திட்டுவதற்கு ஆள் இருக்கிறதா என்று பார்த்து வைத்துக்கொள்வார்கள். பன்னிரண்டு வருடம் எண்ணியதில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். இதைத்தான் ஒவ்வொரு வருடமும் நாற்பது பக்கத்துக்கு இழுக்கிறோம். பெயர் தெரியாத குட்டிகள் எல்லாம் கடைசி வரியில் ‘மற்றவை’ என்று ஒரே கூடையில் கிடக்கும்.

அந்தக் கூடையில் என் தம்பியுடையதும் ஒன்று. பெயர் எறும்பு.

பதினொரு வருடத்துக்கு முன்னால், தூக்கிப் போட இருந்த ஒரு பழைய கணினியில் ஓட வேண்டும் என்பதற்காக அவன் செய்தது. ஒரு பென் டிரைவில் மொத்தமும் அடங்கிவிடும். அதைச் செருகிக் கணினியைப் போட்டால் ஓடும். நிறுத்தினால் எல்லாவற்றையும் மறந்துவிடும். ஒவ்வொரு முறை போடும்போதும் அது தம்பி வீட்டிலிருக்கிற சர்வரைக் கூப்பிட்டு, புதிதாக ஏதாவது திருத்தம் உண்டா என்று கேட்கும். கேட்கும்போது தனக்கென்று ஒரு எண்ணைச் சொல்லும். ஒரு நாளில் எத்தனை வேறு வேறு எண்கள் வந்தன என்று சர்வர் கணக்கு வைக்கும். யார், எந்த இடம் என்பதையெல்லாம் அது குறித்துக்கொள்ளாது. "அடுத்தவங்க வீட்டு ஜன்னல்ல எட்டிப் பாக்கற வேலை நமக்கு வேணாம்க்கா" என்பான். தன் வீட்டுக் கணினிகளைக்கூட அந்தக் கணக்கில் சேரவிடாமல் தடுத்து வைத்திருந்தான். அவ்வளவு யோக்கியன்.

மூன்று வருடத்துக்கு முன் அந்த எண்ணிக்கை திடீரென்று ஏறி ஒன்பதாயிரத்தைத் தாண்டியது. ஏறியது இறங்கவே இல்லை. ஒரு மாதம் பார்த்தான், இரண்டு மாதம் பார்த்தான், மூன்றாம் மாதம் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டான். ஒன்பதாயிரம் பேர் தன்னை நம்பி இருக்கிறார்கள், அவர்களை மிச்ச நேரத்தில் கவனித்தால் போதாது என்றான். அன்றிலிருந்து அவன் மனைவிதான் வீட்டைத் தாங்குகிறாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. எட்டு மணி நேரம் நின்றபடி ஊசி குத்தி, மாலையில் வீங்கிய காலோடு வருவாள். அவள் ஒரு நாளும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டதில்லை. "எங்க வீட்ல மொத்தம் ஒன்பதாயிரத்து ரெண்டு பேர் அண்ணி, அதான் கொஞ்சம் நெருக்கடி" என்பாள். எனக்குச் சிரிப்பு வராது. அவளுக்கும் வந்ததாகத் தெரியவில்லை.

போன மாதம் அவனுக்கு ஒரு வேலை வந்தது. கம்பெனிகளுக்கான லினக்ஸ் செய்கிற பெரிய நிறுவனம். எறும்பு எவ்வளவு வேகமாக எழுந்து நிற்கிறது என்பதைப் பார்த்த யாரோ அங்கே சிபாரிசு செய்திருக்கிறார்கள். ஒரே நிபந்தனை, சேர்ந்த பிறகு எறும்பைத் தொடக் கூடாது. மின்னஞ்சலில் ஒரு இணைப்பு இருந்தது. அதைத் திறந்து கையெழுத்துப் போட்டால் முடிந்தது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணியோடு அது மூடிக்கொள்ளும். இவன் கையெழுத்தும் போடாமல், வேண்டாம் என்றும் எழுதாமல் அந்த மின்னஞ்சலை அடைகாத்துக்கொண்டிருந்தான்.

இதற்கு நடுவில்தான் அவன் என்னிடம், இந்த வருட அட்டவணையில் எறும்பைத் தனி வரியில் போட வேண்டும் என்று கேட்டான். ஒன்பதாயிரம் என்றால் நியாயமான ஆசைதான். தனி வரி கேட்கிற யாரும் மூன்று மாதப் பதிவேட்டை எங்களுக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி. அனுப்பினான். அதைச் சுத்தம் செய்வது என் வேலை. எந்திரங்கள் தாமாகக் கூப்பிட்டதைக் கழித்து, மனிதர்கள் திறந்ததை மட்டும் விட்டுவைக்க வேண்டும்.

அவன் எப்போதும் நாள் கணக்கை மட்டும்தான் பார்ப்பான். நான் நிமிடக் கணக்கைப் பிரித்தேன். ஒவ்வொரு மணியிலும் ஏழாவது நிமிடத்தில் நூற்றுத் தொண்ணூறு பேர். முப்பத்தேழாவது நிமிடத்தில் நூற்றுத் தொண்ணூறு பேர். அதிகாலை மூன்று மணிக்கும் அதே நூற்றுத் தொண்ணூறு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானமும் அதே. ஒரு நாளைக்கு நாற்பத்தெட்டு முறை நூற்றுத் தொண்ணூறு என்றால் ஒன்பதாயிரத்து நூற்றிருபது. யாரும் இப்படி மணியடித்தாற்போல் கணினியைத் திறப்பதில்லை. எங்கேயோ நூற்றுத் தொண்ணூறு எந்திரங்கள் அரை மணிக்கு ஒருமுறை அணைந்து எரிகின்றன. எறும்புக்குத்தான் எல்லாம் மறந்துவிடுமே. ஒவ்வொரு முறை எழும்போதும் புது எண் போட்டுக்கொண்டு புது ஆளாக வந்து நிற்கிறது. அவற்றைக் கழித்தேன். மூன்று மாதத்தில் எந்த நாளும் மிச்சம் இருபதைத் தொடவில்லை.

நாற்காலியை விட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி கழித்தேன். அதேதான் வந்தது.

புதன்கிழமை மாலை அவன் வீட்டுக்குப் போனேன். இரண்டாம் மாடி. முன்னறையில் நாலு பழைய கணினிகள் வயிறு திறந்து கிடக்கும், உட்கார ஒரு மூலைதான் மிஞ்சும். அவன் மனைவி உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் சுற்றி வளைக்காமல் சொன்னேன். எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது என்று ஒரு பெருமை உண்டு. அந்தப் பெருமைக்கு என்ன கதி ஆயிற்று என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

அவன் திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"எல்லா மெஷினும் ஒரே நேரத்துல கேக்கற மாதிரி நானே எப்பவாவது எழுதியிருப்பேன்க்கா. வேற ஒண்ணுமில்ல."

"எழுதியிருக்கியா?"

"ஞாபகமில்ல."

"மூணு மணிக்கு யாருடா கம்ப்யூட்டரைப் போடுவாங்க?"

"போடுவாங்க. நம்ம ஆளுங்க ஞாயித்துக்கிழமைகூட விடறதில்ல, நான்தான் சொல்லியிருக்கேனே." அதுவரை பெருமையாகச் சொல்லிவந்த விஷயம் அது. சொல்லும்போதே அவன் குரல் இறங்கிவிட்டது. உடனே கோபம் வந்தது. "நீ பெரிய கம்பெனிங்க கணக்கையே பாத்துப் பாத்துப் பழகிட்ட. சின்னதா இருந்தா உனக்கு எல்லாமே பொய்."

"எனக்கென்னடா லாபம்?"

உள்ளேயிருந்து அவன் மனைவி மடித்த துணியோடு வந்து நின்றாள். "அண்ணி சொல்றது நெஜமா இல்லையான்னு தெரிஞ்சுக்க வழியே இல்லையா? அவங்கள ஒரு வார்த்தை கேட்டுப் பாத்தா என்ன?" என்றாள்.

அது அவனைப் பிடித்துக்கொண்டது. கேட்கலாம் என்றான். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, எறும்பு ஓடுகிற எல்லாத் திரையிலும் ஒரு பெட்டி வரும்படி அனுப்புவது. இதை வைத்து வேலை செய்கிறவர் யாராவது இருந்தால் ஒருமுறை அமுக்குங்கள் என்று ஒரு வரி. கீழே ‘இருக்கிறேன்’ என்று ஒரு பொத்தான். அதற்கும் கீழே, யாருக்காவது வேறு எதையாவது சொல்ல வேண்டுமென்றால் இருக்கட்டும் என்று அவனுடைய போன் நம்பர்.

"நூறு பேர் அமுக்கினா நான் இந்த வேலைக்குப் போகமாட்டேன். அமுக்கலேன்னா அஞ்சு மணிக்குள்ள கையெழுத்துப் போட்டுடறேன்" என்றான். அவன் மனைவி துணிகளை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு "சத்தியமா?" என்றாள். சத்தியம் என்றான்.

படியிறங்கும்போது எனக்குப் பாதி நிம்மதி. நூறு பேர் அமுக்கப் போவதில்லை என்று எனக்குத் தெரியும். அவனுக்கு வலிக்கும். வலித்தாலும் வெள்ளி மாலைக்குள் முடிந்துவிடும், அவள் கால் வீக்கம் வடியும் என்று கணக்குப் போட்டேன். கணக்குப் போடுவதில் எனக்கு என்றைக்கும் குறைச்சல் இல்லை.

வெள்ளிக்கிழமை பத்தே கால் மணிக்கு அலுவலகத்தில் போன் வந்தது.

"அக்கா, அனுப்பிட்டேன். உன் லேப்டாப்புல வந்துச்சா?"

இங்கே என் யோக்கியதையைச் சொல்ல வேண்டும். என் லேப்டாப்பில் எறும்பு இல்லை. எறும்பின் முதல் ஆள் நான்தான் என்று அவன் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வான். ஒரு காலத்தில் அது உண்மையும்கூட. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு ஆன்லைன் கூட்டத்தில் என் குரல் யாருக்கும் கேட்கவில்லை. எல்லோரும் காதைக் காட்டிச் சைகை செய்தார்கள். எங்கள் அலுவலக சிஸ்டம்ஸ்காரர் அன்றைக்கே எறும்பை எடுத்துவிட்டு, என் அட்டவணையில் மேல் வரியில் இருப்பதைப் போட்டுக் கொடுத்தார். அரை மணியில் எல்லாம் சரியாகிவிட்டது. தம்பியிடம் சொல்லவில்லை. அடுத்த வாரம் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். அவன் எப்போதாவது "வேகமா இருக்கா?" என்று கேட்டால், "அதுக்கென்ன, நல்லாத்தான் இருக்கு" என்பேன். இரண்டு வருடம் ஓடிவிட்டது.

"வந்துச்சாக்கா?"

"வந்துச்சு."

"அமுக்கு."

"அமுக்கிட்டேன்."

அந்தப் பக்கம் கீபோர்டு தட்டுகிற சத்தம் கேட்டது. அவன் எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. "சரி, பாக்கறேன்" என்று வைத்துவிட்டான். இன்றைக்கு அவனுக்கு எப்படியும் அடி விழப்போகிறது, அக்காவும் இல்லை என்று வேறு எதற்குத் தெரிய வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். பெரிய மனசு எனக்கு.

பன்னிரண்டரைக்கு மறுபடி கூப்பிட்டான். குரலில் ஒரு துள்ளல்.

"ஒண்ணுகூட வரலக்கா. சைபர். எனக்கு உயிரே போயிடுச்சு. அப்புறம்தான் யோசிச்சேன், நீ அமுக்கினியே, அதுவும் வரலையே. வீட்டு மெஷினுக்குப் போட்டிருந்த தடையை எடுத்துட்டு இங்கேர்ந்து அமுக்கிப் பாத்தேன், உடனே வருது. உள்ளேர்ந்து வருது, வெளியேர்ந்து வரல. பதில் வர்ற வாசல் வேற, அதுல எங்கேயோ அடைப்பு. ஒன்பதாயிரம் பேரும் வெளில நின்னு தட்டிக்கிட்டிருக்காங்க."

"டேய்..."

"உன்னோடது ஒண்ணு வந்திருந்தா, எல்லாமே பொய்னு நான் ஒத்துக்கிட்டிருப்பேன். நல்லவேளை."

நல்லவேளை என்றான். நான் வாயைத் திறந்தேன். காலையில் நான் அமுக்கவில்லை, என்னிடம் எறும்பே இல்லை என்று பத்து வார்த்தைக்குள் முடிகிற விஷயம். "சரி, என்னன்னு பாரு" என்றுதான் வந்தது.

உட்கார்ந்து யோசித்தேன். இப்போதும் கெட்டுப்போகவில்லை, எங்கேயாவது எறும்பைப் போட்டு நான் ஒரே ஒருமுறை நிஜமாகவே அமுக்கிவிட்டால் போதும், ஒன்று என்று விழும், வாசல் திறந்துதான் இருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்துவிடும், மற்ற யாரும் வரவில்லை என்பதும் தெரிந்துவிடும், கையெழுத்துப் போட்டுவிடுவான், நானும் மாட்டிக்கொள்ள வேண்டாம். சொன்ன பொய்யை உண்மையாக்கிவிடலாம் என்று கிளம்பினேன்.

அலுவலகக் கணினிகளில் வெளியார் பென் டிரைவ் ஏறாது. சிஸ்டம்ஸ்காரரிடம் போனேன். அவர் ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கிற மனிதர். எதையும் அவசரமாகச் செய்து பழக்கமில்லை.

"எறும்பா? நீங்க எடுத்துப் போடச் சொன்னீங்களே, அதேதானே மேடம்? மறுபடி எதுக்கு?"

"அஞ்சு நிமிஷ வேலை சார்."

"இதுக்கு சப்போர்ட் யாரு?"

"என் தம்பி."

"அவர் இல்லேன்னா?"

"அவன் மட்டும்தான்."

"அப்போ இதைக் கம்பெனி மெஷின்ல போட எனக்கு மேலேர்ந்து ஒரு கையெழுத்து வேணும்" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. என் அட்டவணையின் கம்பெனிப் பக்கம் முழுக்க அந்தக் கேள்வியால் ஆனதுதான். மேலே இருந்தவர் கூட்டத்தில் இருந்தார். கூட்டம் மூன்றரைக்கு முடிந்தது. கையெழுத்து வந்தபின், சாமான் அறையில் கழித்துப்போட்ட கணினி ஒன்றைக் காட்டினார். அதற்குக் கீபோர்டு இல்லை. கீபோர்டு கிடைத்தபோது நெட் ஒயர் நீளம் போதவில்லை. நான் உடைந்த நாற்காலிகளுக்கு நடுவே முட்டிபோட்டு உட்கார்ந்து ஒயர் இழுத்தேன்.

எறும்பு எழுந்தது. அவன் சொன்னது பொய்யில்லை, அந்தச் சவத்தில்கூட அத்தனை வேகமாக எழுந்தது. பெட்டி வந்தது. ‘இருக்கிறேன்’ என்று இருந்தது. அமுக்கினேன். மணி நாலு முப்பத்தெட்டு.

நாற்பதுக்குப் போன்.

"அக்கா, திறந்துடுச்சு." மூச்சு வாங்கிக்கொண்டு பேசினான். "மத்தியானத்துலேர்ந்து, யாரை உள்ள விடறதுன்னு வாசல்ல போட்டிருந்த விதிங்களை ஒவ்வொண்ணா எடுத்து எடுத்துப் பாத்தேன். கடைசியா ஒண்ணை எடுத்தேன், ரெண்டாவது நிமிஷம் ஒண்ணு வந்து விழுந்துச்சு."

"டேய், அது நான்தாண்டா."

"நீயா?" ஒரு நொடி யோசித்தான். "ஆமா, இருக்கும். நீ காலைல அமுக்கினது வழில மாட்டிக்கிட்டு இப்போ வந்து சேந்திருக்கு. அப்போ மத்ததும் இனிமே வரும். வைக்கறேன், பாக்கணும்."

"இல்லடா, கேளு..."

வைத்துவிட்டான். அவன் எண்ணை மறுபடி போட்டேன், எடுக்கவில்லை. அவன் மனைவிக்குப் போட்டேன். வேலை நேரத்தில் அவள் போன் பூட்டிய அலமாரியில் இருக்கும் என்று எனக்குத் தெரியும், இருந்தும் ஏழு முறை போட்டேன். காலையில் நான் அமுக்கவில்லை, என்னிடம் எறும்பு இல்லை என்று எழுதி அனுப்பியிருக்கலாம். விரல் எழுதியது, படித்துப் பார்த்தது, அழித்தது. இத்தனை பெரிய விஷயத்தை நேரில் சொல்வதுதான் மரியாதை என்று எனக்கு நானே பூசி மெழுகினேன். ஐந்து மணி ஆனபோது சாமான் அறையில்தான் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெட்டி மூடிக்கொண்டு, திரை காலியாக இருந்தது. எறும்பில் எனக்குச் செய்ய வேறு வேலை எதுவும் இருக்கவில்லை.

அன்றைக்கு வெளியிலிருந்து என்னுடைய ஒன்றுக்கு மேல் எதுவும் வரவில்லை. மிச்சமிருந்த இருபதுக்கும் குறைவான பேர் அந்தப் பெட்டியைப் படிக்காமலே மூடியிருப்பார்கள். நாமும் எந்தப் பெட்டியைப் படித்துவிட்டு மூடுகிறோம்?

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அவன் வீட்டில் இருந்தேன். சொல்லிவிடுவது என்றுதான் போனேன். அவன் முகம் கழுவாமல் திரை முன்னால் உட்கார்ந்திருந்தான். அவன் மனைவிக்கு விடுமுறை. நேற்று என்ன நடந்தது என்று அவளுக்கு ஓரளவு தெரிந்திருந்தது. "அஞ்சு மணிக்குள்ள போட்டுடறேன்னு சத்தியம் பண்ணினார் அண்ணி" என்று மட்டும் சொன்னாள். நான் செருப்பைக் கழற்றிவிட்டு உட்காருமுன் அவன் போன் அடித்தது. தெரியாத எண். தம்பி என்னைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டான்.

"சார், எறும்புன்னு போட்டு ஒரு நம்பர் இருந்துச்சு, அது நீங்கதானா?"

"நான்தான், சொல்லுங்க, சொல்லுங்க."

"நான் கடைங்களுக்கு டிஸ்ப்ளே போர்டு மாட்டற டெக்னீஷியன் சார். சூப்பர் மார்க்கெட்டு. மேல விலைப் பட்டியல் ஓடுமில்ல, அது. நேத்துலேர்ந்து எல்லா ஸ்க்ரீன்லயும் நடுவுல ஒரு பெட்டி வந்து நிக்குது. விலை தெரியல, கஸ்டமருங்க சத்தம் போடறாங்க. அத எப்படி சார் எடுக்கறது?"

தம்பி போனைக் கிட்டே இழுத்து வைத்துக்கொண்டான். "எத்தனை ஸ்க்ரீன்?"

"எல்லாக் கடையும் சேத்து நூத்தித் தொண்ணூறு."

"பட்டனை அமுக்கினா போயிடுமே."

"மவுசே கிடையாதே சார். உயரத்துல தொங்குது."

அவன் மனைவி சுவரில் சாய்ந்துகொண்டாள். தம்பி நிதானமாகப் பேசினான். அவன் அப்படி நிதானமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. "ஒரு நிமிஷம், இங்கேர்ந்தே எடுத்துடறேன். அதுங்க அடுத்த தடவை ஆன் ஆகும்போது இருக்காது. ஏன் அரை மணிக்கொரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்றீங்க?"

"அத ஏன் கேக்கறீங்க. முக்கால் மணி ஓடினா மெமரி நெறஞ்சு நின்னுடுது. அதனால கரண்ட் மெயின்லயே டைமர் வெச்சுட்டோம். மூணு வருஷமா அப்படித்தான் ஓடுது. மத்தபடி அருமையா ஓடுது சார், குறை சொல்லக் கூடாது."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. நான் சரி பண்ணியிருப்பேன்."

"யார்கிட்ட சொல்றதுன்னு தெரியல. இத யாரோ ஒருத்தர் உக்காந்து பண்றார்னு நாங்க நெனக்கவே இல்லையே சார்." அவர் நல்லவிதமாகத்தான் சொன்னார். பிறகு, தகவலுக்காகச் சொல்வதுபோல, மாதக் கடைசியில் எல்லாத் திரைகளையும் மாற்றப்போவதாகவும், சப்போர்ட் உள்ளதுதான் வேண்டும் என்று மேலிடம் சொல்லிவிட்டதாகவும் சொன்னார். அவர் சொன்ன பெயர், தம்பி நேற்று கையெழுத்துப் போட்டிருக்க வேண்டிய நிறுவனத்துடையது.

தம்பி "நல்லது" என்றான். மெமரி நிறைவதை இப்போதே சரி செய்துவிடுவதாகவும், பத்தே காலுக்கு மேல் டைமரை எடுத்துவிடலாம் என்றும் சொன்னான். அவர் தன் போனிலிருந்தே டைமரை நிறுத்திவிடுவதாகச் சொன்னார், நன்றி சொன்னார், வைத்துவிட்டார்.

அவன் மனைவி தம்பியின் போனை எடுத்து, அந்த மின்னஞ்சலைத் திறந்து, இணைப்பைத் தொட்டு, அவன் முன்னால் வைத்தாள். காலாவதியாகிவிட்டது என்று அது சொன்னது. அவள் உள்ளே போய்விட்டாள். கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தாங்கியிருக்கும்.

தம்பி போனைத் திருப்பி வைத்தான். எண்ணுகிறவளின் தம்பி அவன். கணக்கு அவனுக்கும் வரும்.

"வாசல் அடைக்கவே இல்லைன்னா, நாலு முப்பத்தெட்டுக்கு வந்தது நீ. அப்போ காலைல அமுக்கினது எங்கக்கா போச்சு?"

"நான் அமுக்கல."

"ஏன்?"

"என்கிட்ட எறும்பு இல்லடா. எடுத்து ரெண்டு வருஷம் ஆச்சு."

அவன் என்னைத் திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்ட வேண்டும் என்று விரும்பினேன். "அப்பவே ஏன் சொல்லல?" என்றான்.

"நீ வருத்தப்படுவேன்னு."

தலையாட்டினான். "எத்தனை பேர் இப்படி நெனச்சிருப்பாங்களோ" என்றான்.

பிறகு திரையின் பக்கம் திரும்பி உட்கார்ந்தான். எதையோ தேடினான், கண்டுபிடித்தான், ஒரு வரியை அழித்து வேறொரு வரி எழுதினான். அவ்வளவுதான் பிழை. அதை அனுப்பிவிட்டு, எண்ணிக்கை ஓடுகிற பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தான். நான் செருப்பைப் போட்டுக்கொண்டு போயிருக்கலாம். போக முடியவில்லை. பத்து ஏழுக்கு நூற்றுத் தொண்ணூறு பேர் வந்து, திருத்தத்தை வாங்கிக்கொண்டு போனார்கள். பத்து முப்பத்தேழுக்கு யாரும் வரவில்லை. பதினொன்று ஏழு வரை அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தான். அப்போதும் யாரும் வரவில்லை.

"சரியாயிடுச்சு" என்றான்.